விலை எதன் மேல்? கள்விலையாட்டி முதல் ஜி.ஆர்.ஓ. வரை

மலேசியாவின் கெடா மாநிலத்தில் இருக்கும் பீடோங்கில், என் வீட்டுக்குச் சாயங்காலம் சில பிள்ளைகள் படிக்க வருவார்கள். தமிழ்ப்பள்ளி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கத்தை என்னால் விட முடியவில்லை. இடைநிலைப்பள்ளிக்குப் போகப்போகிற ஒரு பெண்பிள்ளை, பள்ளி உதவிக்கான விண்ணப்பப் பாரத்தை எடுத்துக்கொண்டு ஒரு நாள் வந்தாள். பாரம் மலாயில் இருந்தது. எல்லாக் கட்டத்தையும் அவளே நிரப்பியிருந்தாள். அப்பாவுக்கான இடத்தில் ஒரு கோடு. அம்மாவின் தொழில் என்ற கட்டம் மட்டும் காலி.

"இதுக்கு என்ன எழுதணும் டீச்சர்?"

அவள் அம்மா என்ன வேலை செய்கிறார் என்பது எனக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். பெரிய ரோட்டில் ஒரு கடை இருக்கிறது. காலையில் அது கோப்பிக் கடை, சாயங்காலத்துக்குப் பிறகு பீர்க்கடை. இரண்டு வேளையும் அங்கே தண்ணி எடுத்துக் கொடுப்பவர் அவர்தான். வாயைத் திறந்தேன். சொல் வரவில்லை. வாழ்நாளெல்லாம் தமிழ் சொல்லிக்கொடுத்தவள் நான். பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் அவள் தாயின் வேலைக்குக் கூசாமல் சொல்லக்கூடிய ஒரு பெயர் என்னிடம் இல்லை. "அம்மாகிட்டயே கேட்டுக்கலாம்மா, நாளைக்கு வா" என்று அனுப்பிவிட்டேன்.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. நினைவுக்கு வந்த சொற்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். பீர்க்கடைக்காரி. ஊத்திக்கொடுக்கிறவள். பார் அழகி. உபசரணைப் பெண். இரவு விடுதிகளில் வழங்கும் ஜி.ஆர்.ஓ. இவற்றில் எதையும் அந்தக் கட்டத்தில் எழுத முடியாது. சரி, தமிழில் இந்த வேலைக்கு எப்போதுமே நல்ல பெயர் இருந்ததில்லையா என்று அலமாரியில் இருந்த பழைய புத்தகங்களை எடுத்தேன்.

இருந்திருக்கிறது. ஒன்றல்ல, பல.

சிலப்பதிகாரத்தில் இந்திரவிழா எடுத்த காதையில் புகார் நகரத்துக் கடைத்தெருவை இளங்கோவடிகள் காட்டுகிறார். யார் யார் அங்கே கடை போட்டிருந்தார்கள் என்ற வரிசை அது. 'காழியர் கூவியர் கண்ணொடை யாட்டியர் மீன்விலைப் பரதவர் வெள்ளுப்புப் பகருநர்' என்று போகிறது. பிட்டு விற்கிறவர், அப்பம் விற்கிறவர், கள் விற்கிற பெண்கள், மீன் விற்கிற பரதவர், உப்பு விற்கிறவர். 'கண்ணொடையாட்டியர்' என்பதைப் பிரித்தால் கள், நொடை, ஆட்டியர். நொடை என்றால் விற்பனை, விலை. கண்ணுக்கும் இந்தச் சொல்லுக்கும் தொடர்பில்லை, கள் என்பதன் ஈறுதான் புணர்ச்சியில் அப்படித் திரிந்து நிற்கிறது. அப்பக்காரருக்கும் மீன்காரருக்கும் நடுவில், அவர்களைப் போலவே ஒரு வியாபாரியாகத்தான் இந்தப் பெண் நிற்கிறாள். அவளைத் தனியே ஒதுக்கிவைக்க அந்த வரியில் ஒரு அடைமொழிகூட இல்லை.

இன்னொரு சொல் 'கள்விலையாட்டி'. இது வேட்டுவ வரியில் வருகிறது. இங்கே ஒரு சின்னக் கதையே இருக்கிறது, அதைச் சொல்லாமல் தாண்ட மனம் வரவில்லை. 'கள்விலையாட்டி மறுப்பப் பொறாமறவன் கைவில் ஏந்திப்' புறப்படுகிறான். கள் விற்கிறவள் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். பழைய பாக்கி நிற்கிறது என்றுதான் படிக்கிறவர்கள் பொருள் கொள்கிறார்கள். அவமானம் தாங்காமல் அவன் வில்லை எடுத்துக்கொண்டு பகைவர் மாடுகளைக் கவரப் போகிறான். சில வரிகள் கழித்து மாடுகள் வந்து சேர்கின்றன. எங்கே? 'கள்விலை யாட்டிநல் வேய்தெரி கானவன் புள்வாய்ப்புச் சொன்னகணி முன்றில் நிறைந்தன.' கள் விற்றவள் வீட்டு முற்றத்திலும், உளவு பார்த்துச் சொன்னவன் முற்றத்திலும், பறவைச் சகுனம் பார்த்துச் சொன்னவன் முற்றத்திலும் மாடுகள் நிறைந்து நிற்கின்றன. கொடுக்கவேண்டிய பாக்கிக்காக ஊரின் வீரன் உயிரைப் பணயம் வைக்கிறான். கடன் இல்லை என்று சொல்லும் தைரியம் அவளுக்கு இருந்தது, அதைக் கேட்டாகவேண்டிய நிலை அவனுக்கு இருந்தது.

அந்தப் பெயரின் கடைசித் துண்டைக் கவனியுங்கள். ஆட்டி. 'ஆள்' என்ற வினையிலிருந்து வருவது. ஆளன் என்பதற்குப் பெண்பால். மூதாட்டி, சீமாட்டி, பெருமாட்டி, மனையாட்டி எல்லாம் இதே வார்ப்பு. நம் வீடுகளில் இப்போதும் புழங்குகிற பெண்டாட்டியும் அதுதான். வைப்பாட்டி என்ற சொல்லிலும் இதே ஆட்டிதான் நிற்கிறது என்பது உண்மை, ஆகவே அந்த ஈறு மட்டும் மரியாதை தந்துவிடாது. ஆனால் ஒன்றை ஆளுகிறவள், தன் கையில் வைத்து நடத்துகிறவள் என்ற பொருள் அதற்குள் இருக்கிறது. கள்விலையாட்டி என்றால் கள்ளின் விலையை ஆளுகிறவள்.

இங்கேதான் நான் புத்தகத்தை மூடிவைத்துக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். விலை என்ற சொல் அந்தப் பெயரில் எதன் மேல் உட்கார்ந்திருக்கிறது? கள்ளின் மேல். 'மீன்விலைப் பரதவர்' என்பதில் விலை மீனுக்கு இருப்பது போலவே. பிற்காலத் தமிழில் ஒரு பெண்ணோடு விலை என்ற சொல்லைச் சேர்த்துப் பாருங்கள். விலைமாது. விலைமகள். விலை, பண்டத்திலிருந்து இறங்கி அவள் மேலேயே ஏறிவிட்டது. எழுத்தளவில் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. முன்னால் இருந்த 'கள்' உதிர்ந்துபோனது, அவ்வளவுதான்.

சங்கப் பாட்டுகளில் இன்னும் பழைய பெயர்கள் இருக்கின்றன. அகநானூற்றில் (157) 'அரியற் பெண்டிர்' என்று வருகிறது. அரியல் என்பது அரித்தெடுத்த கள். மாவை அரிப்பது, அரிசியை அரிப்பது என்கிறோமே, அதே அரிப்புதான். பெரும்பாணாற்றுப்படையில் 'கள்ளடு மகளிர்' வருகிறார்கள். அடுதல் என்றால் சமைத்தல், காய்ச்சுதல், அடுப்பு என்ற சொல்லுக்குள் இருப்பதும் அதுவே. இந்தப் பெயர்களில் வேலை தெரிகிறது. ஒருத்தி வடிக்கிறாள், ஒருத்தி காய்ச்சுகிறாள். அந்தப் பெண்கள் கள் வட்டில்களைக் கழுவி ஊற்றிய தண்ணீர் வழிந்து ஓடிக் குழம்பாகி, அந்த ஈரச் சேற்றில் குட்டிகளோடு பன்றி புரண்டது என்று கடியலூர் உருத்திரங்கண்ணனார் எழுதுகிறார். 'கள்ளடு மகளிர் வள்ளம் நுடக்கிய வார்ந்துகு சின்னீர்.' பாத்திரம் கழுவிய தண்ணீர் எங்கே போய்த் தேங்குகிறது என்பதை நின்று பார்த்த ஒருவரால்தான் இப்படி எழுத முடியும்.

பட்டினப்பாலையைப் பாடியவரும் அவரே. புகார் துறைமுகத்தில் வந்து இறங்கிய சரக்குகளில் 'காழகத்து ஆக்கமும்' உண்டு என்கிறது அந்தப் பாட்டு. காழகம் என்றால் கடாரம் என்று உரை எழுதினார் நச்சினார்க்கினியர். கடாரம், இன்றைய கெடா. பீடோங்கிலிருந்து மெர்போக் பக்கம் போனால் பூஜாங் பள்ளத்தாக்கின் பழைய சண்டிகள், அதாவது பழங்காலக் கோயில்களின் எச்சங்கள், இருக்கின்றன. அந்த உரையின்படி பார்த்தால், நம் ஊர்ப் பக்கத்துச் சரக்கு போய் இறங்கிய அதே நகரத்தில்தான் கண்ணொடையாட்டியர் கடை வைத்திருந்தார்கள்.

இனி, அதே காலத்து அரண்மனைக்குள் போவோம். அங்கேயும் பெண்கள் குடிக்கக் கொடுக்கிறார்கள். தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனை மாங்குடி கிழார் புறநானூற்றில் (24) இப்படி வாழ்த்துகிறார்: 'ஒண்தொடி மகளிர் பொலங்கலத்து ஏந்திய தண்கமழ் தேறல் மடுப்ப', அதாவது தெளிந்த கள்ளைப் பெண்கள் கொடுக்க, மகிழ்ந்து இரு. மதுரைக்காஞ்சியின் முடிவிலும் அதே அரசனுக்கு ஏறக்குறைய அதே வாழ்த்து, அங்கே 'இலங்கிழை மகளிர்'. இன்னொரு பாண்டியனான நன்மாறனுக்கு நக்கீரர் சொல்லும்போது (புறம் 56) யவனர் கொண்டுவந்த தேறலைத் தருகிறவர்களும் 'ஒண்தொடி மகளிர்'தான். பொருநராற்றுப்படையில் கரிகாலன் அவையில் பசியோடு வந்த பொருநனுக்கு 'இழையணி வனப்பின் இன்னகை மகளிர்' பொற்கலம் நிறைய நிறையத் திரும்பத் திரும்ப வார்த்துக் கொடுக்கிறார்கள்.

பளிச்சென்ற வளையல் போட்ட பெண்கள். மின்னும் நகை அணிந்த பெண்கள். இனிமையாகச் சிரிக்கும் பெண்கள். வரிகள் அழகானவை, வகுப்பில் எத்தனையோ முறை ரசித்துச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஆனால் இந்தப் பெண்கள் செய்த வேலைக்கு அங்கே பெயர் இல்லை. வளையலைச் சொன்னார்கள், நகையைச் சொன்னார்கள், சிரிப்பைச் சொன்னார்கள். தெருவில் தானே காய்ச்சி விற்றவளுக்கு அவள் தொழிலால் பெயர் வந்தது. இன்னொருவர் கலத்தை ஏந்தி நின்றவளுக்கு அவள் எப்படித் தெரிந்தாள் என்பதே பெயரானது. சரக்கு யார் கையில் இருந்ததோ, அதைப் பொறுத்துத்தான் சொல் அமைந்திருக்கிறது என்று எனக்குப் படுகிறது. இன்றைக்குப் பத்திரிகைகள் எழுதும் 'பார் அழகி' என்ற சொல்லும் அந்த அரண்மனை வழியில் வந்ததுதான். அதில் அந்தப் பெண் என்ன செய்கிறாள் என்பதற்கு ஒரு தகவலும் இல்லை.

சரி, தெருவில் இருந்த அந்தப் பழைய பெயர்கள் எங்கே போயின? தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோர்கள் கள்ளைக் கொண்டுவந்தார்கள், கள்விலையாட்டியைக் கொண்டுவரவில்லை. தோட்டத்தில் கள்ளுக்கடை என்பது உரிமம் பெற்ற இடம். யார் விற்பது, எப்போது திறப்பது என்பதெல்லாம் துரைமார்களும் அரசாங்கமும் வகுத்தது. கித்தா என்கிற ரப்பர் மரத்தில் பால்வெட்டிச் சம்பாதித்த காசு அந்தக் கடை வழியாகத் திரும்பிப் போனது. வடிக்கிறவளும் காய்ச்சுகிறவளும் அந்த ஏற்பாட்டில் இல்லை. தன் கையால் எடுத்து தன் முற்றத்தில் விற்கும் உரிமை போனபோது, அந்த உரிமையைக் காட்டிய பெயரும் பேச்சிலிருந்து போய்விட்டது என்று நினைக்கிறேன்.

கள்ளுக்கடைக்கு எதிரான கோபமும் நியாயமானதே. 1921-இல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியலில் பெரியாரின் மனைவி நாகம்மையாரும் சகோதரி கண்ணம்மாளும் முன்னால் நின்றார்கள். இங்கே 1941-இல் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, சம்பள உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பதும், துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கம் ஒழியவேண்டும் என்பதும் கோரிக்கைகளாக இருந்தன. போருக்குப் பிறகு கெடாவில் தொண்டர் படை எழுந்தது. 1947-இல் நம் பீடோங் கள்ளுக்கடைக்கு எதிராக அந்தத் தொண்டர்கள் திரண்டார்கள், போலீசோடு மோதல் வந்தது, ஹார்வர்ட் தோட்டத்தின் பெயர் அந்த வரலாற்றில் நின்றுவிட்டது. எங்கள் லயத்தில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், பெரியவர்கள் அதைச் சொல்லும்போது குரல் மாறும். குடித்துவிட்டு வந்து அடித்த கைகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள். சம்சு என்கிற மலிவுச் சாராயத்தைக் குடித்துக் கண்ணும் குடலும் போனவர்களையும் பார்த்தவர்கள்.

அந்தப் போராட்டத்தை நான் ஒரு அணுவும் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் கடை மேல் இருந்த வெறுப்பு, கடைக்குள் நிற்கிறவர்கள் மேலும் வந்து விழுந்தது. நிற்கிறவர் ஆண் என்றால் 'கள்ளுக்கடைக்காரர்' என்று ஒரு 'ர்' ஒட்டிக்கொள்ளும். பெண் என்றால் 'காரி' ஆகிவிடும். மீன்காரி, பால்காரி என்பதில் அந்தக் 'காரி' உறுத்துவதில்லை. பீர்க்கடைக்காரி என்கிறபோது அதைச் சொல்கிற வாயே ஒரு பக்கம் கோணுகிறது.

இந்த வெற்றிடத்துக்குள்தான் பின்னால் ஜி.ஆர்.ஓ. வந்தது. இது ஹோட்டல் சொல். பெரிய ஹோட்டல்களில் வந்து தங்குகிறவர்களை வரவேற்று, அவர்கள் குறை கேட்டு, தேவையைப் பார்த்துக்கொள்ளும் அலுவலரின் பதவிப் பெயர் அது. கெஸ்ட் ரிலேஷன்ஸ் ஆபீசர். இன்றும் அந்த வேலையை மரியாதையாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள். மலேசியாவில் கராவோக்கே கூடங்களும் பப்புகளும் அதைத் தங்கள் பெண்களுக்கு எடுத்துக்கொண்டன. பிலிப்பீன்ஸிலும் இதே கதைதான். கூடவே உட்கார்ந்து, பேசி, குடிக்க ஊற்றிக் கொடுக்கும் வேலைக்கு ஒரு கௌரவமான சட்டை தேவைப்பட்டது, இந்த மூன்று எழுத்து கிடைத்தது. சில காலத்திலேயே சட்டை கறைபட்டுப் போனது. இப்போது செய்தியில் ஜி.ஆர்.ஓ. என்று வந்தாலே அடுத்த சொல் 'சோதனை' அல்லது 'கைது' என்றுதான் கண் தேடுகிறது.

தமிழ்ப் பத்திரிகைகள் அதை 'உபசரணைப் பெண்கள்' என்று எழுதுகின்றன. உபசாரம் வடமொழியிலிருந்து வந்த சொல். பக்கத்தில் போய் நின்று கவனித்துக்கொள்ளுதல் என்பது அதன் அடிப்பொருள். கோயிலில் சாமிக்குச் செய்வது பதினாறு வகை உபசாரம். தீபாவளிக்கு அமைச்சர்களும் சட்டமன்ற உறுப்பினர்களும் வைக்கும் திறந்த இல்லத்தை இங்கே 'விருந்துபசரிப்பு' என்றுதான் சொல்கிறோம். சாமிக்குச் செய்தால் புண்ணியம், அமைச்சர் வீட்டில் நடந்தால் பெருமை. அதே சொல்லைப் பெண் என்பதோடு சேர்த்து எழுதிவிட்டால் பிள்ளைகள் முன்னால் பத்திரிகையை மடித்து வைக்கிறோம்.

விருந்து என்ற சொல்லையும் கொஞ்சம் பார்க்கவேண்டும். அதன் பழைய பொருள் புதுமை. தொல்காப்பியம் புது முறையில் செய்யும் செய்யுளையே விருந்து என்கிறது. வீட்டுக்குப் புதிதாய் வருகிறவர் விருந்தாளி ஆனது அப்படித்தான். காசு எண்ணி வைத்துவிட்டுக் குடிக்கிறவர் விருந்தாளி அல்லர், வாடிக்கைக்காரர். அவருக்கும் கொடுக்கிறவருக்கும் நடுவில் இருப்பது வியாபாரம். கெஸ்ட் என்ற முதல் சொல்லை வைத்த உடனேயே அந்த வியாபாரம் மறைந்துவிடுகிறது. வியாபாரம் மறைந்தால் சம்பளம், வேலை நேரம், விடுமுறை எல்லாம் சேர்ந்தே மறைகிறது.

இது வெறும் சொல்லாராய்ச்சி இல்லை என்று நான் நினைப்பதற்கு இதுவே காரணம். மலேசியாவின் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் ஒரு விதி இருக்கிறது. மதுக்கடையிலோ கேளிக்கை இடத்திலோ வைத்துத் தொழிலாளிக்குச் சம்பளம் கொடுக்கக் கூடாது, அங்கேயே வேலை செய்கிறவர்களுக்கு மட்டும் கொடுக்கலாம். சம்பளம் வாங்கிய கையோடு குடித்துவிட்டு வெறுங்கையாய் வீட்டுக்குப் போகும் தொழிலாளியை மனத்தில் வைத்து எழுதிய விதி. அந்த விதிவிலக்கில், பெயர் சொல்லாமல், மதுக்கடையில் வேலை செய்கிறவரும் சம்பளம் வாங்கும் தொழிலாளிதான் என்று சட்டம் ஒத்துக்கொள்கிறது. எனக்குத் தெரிந்தவரை அவரைத் தொழிலாளியாகப் பார்த்த சொற்கள் குறைவு. ஆகவே அந்த விதியைப் படித்தபோது எனக்கு ஒரு ஆறுதல் வந்தது.

பேச்சு வழக்கில் நிலைமை அவ்வளவு மோசமில்லை என்பதையும் சொல்லவேண்டும். இந்த நாட்டில் கடையில் தண்ணி கேட்கிறவர்கள் உறவு சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். சீனர் கோப்பிக் கடையில் 'அமோய்' என்றால் ஹக்கா மொழியில் தங்கை. மலாய்க்காரப் பெண்ணை 'கக்' என்கிறோம், அக்கா. நம் பெண் என்றால் மலாய்க்காரரும் சீனரும்கூட 'அக்கா' என்றே கூப்பிடுவார்கள். இரவு விடுதிகளில் பெண்களை மேய்ப்பவருக்கு வழங்கும் 'மாமாசான்' என்ற பெயரில்கூட அம்மாவும், ஜப்பானியர் மரியாதைக்குச் சேர்க்கும் 'சான்' என்ற ஒட்டும் இருக்கின்றன. நேருக்கு நேர் கூப்பிடும்போது எல்லாருக்கும் உறவு வந்துவிடுகிறது. முதுகுக்குப் பின்னால் பேசும்போதுதான் வேறு பெயர்.

மறுநாள் காலை பத்தரைக்கு அந்தக் கடைக்குப் போனேன். இத்தனை வருஷத்தில் முதல் தடவை. பசியாற வந்தவர்கள் போய், மத்தியானக் கூட்டம் வராத நேரம். அந்த அம்மா கல்லாப் பக்கத்தில் நின்று கோப்பி வடித்துக்கொண்டிருந்தார். நீளமான துணிப்பையைத் தூக்கி ஒரு குவளையிலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றி, மறுபடி பையில் ஊற்றி, கறுப்பு இறங்கும்வரை மூன்று நான்கு முறை. டின் பாலில் இரண்டு ஓட்டை, ஒன்று பால் வர, ஒன்று காற்றுப் போக. யாரோ "அக்கா, தே ஓ கொசொங் ஒண்ணு" என்றார், பாலும் சீனியும் இல்லாத தே. திரும்பிப் பார்க்காமலே கை எடுத்துவைத்தது. துணிப்பையைப் பார்த்தபோது எனக்கு அரியற் பெண்டிர்தான் நினைவுக்கு வந்தார்கள். வடிக்கிறது கோப்பியா கள்ளா என்பதுதான் வித்தியாசம், கை அசைவு ஒன்று.

"உட்காருங்க டீச்சர். பிள்ளை சொல்லுச்சு" என்றார்.

பீர்ப்போத்தல் மூடிகளை ஒரு மைலோ டின்னில் போட்டு வைத்திருந்தார். மேசைக்கு ஒரு டின். இரவு கணக்கு முடிக்கும்போது மூடியை எண்ணித்தான் காசு. "குடிச்சவங்க மறந்துடுவாங்க, மூடி மறக்காது" என்றார். போத்தல் திறப்பான் இடுப்பில் ரப்பர் நாடாவில் தொங்கியது. விரல் நுனிகள் தண்ணீரில் ஊறி வெளுத்துச் சுருங்கியிருந்தன. ஒரு நாளைக்கு எத்தனை கிளாஸ் கழுவுகிறார் என்று கேட்டேன். எண்ணியதில்லை என்றார். பின்வாசலில் கழுவிய தண்ணீர் சாக்கடைக்குப் போகிற வழியெல்லாம் சிமெண்டு கறுத்து வழுவழுப்பாகக் கிடந்தது. வார்ந்துகு சின்னீர்.

கடன் உண்டா என்று கேட்டேன். ஒரு நோட்டை எடுத்துக் காட்டினார். பெயர்கள், தொகைகள், சிலவற்றின் மேல் கோடு. கடை முதலாளி வேறொருவர், ஆனால் யாருக்குக் கடன், யாருக்கு இல்லை என்பது இவர் முடிவு. "மூணு தடவைக்கு மேல இல்லன்னு சொல்லிடுவேன். சிலபேருக்குக் கோவம் வரும். வரட்டும்." அவருக்குக் கள்விலையாட்டியின் கதையைச் சொன்னேன். மாடு வந்து முற்றத்தில் நிறைந்ததைக் கேட்டுச் சிரித்தார். "மாடு வேணாம் டீச்சர், காசு குடுத்தா போதும்."

பிறகு பாரத்தைப் பற்றிப் பேசினோம். நான் யோசித்து வைத்திருந்த சொற்களைச் சொல்லத் தயங்கிக்கொண்டிருந்தேன். அவர் தயங்கவில்லை. "போன வருஷம் சும்மா கடையில வேலைன்னு எழுதினா. என்ன கடைன்னு பள்ளிக்கூடத்துல கேட்டிருக்காங்க. பிள்ளை அழுதுகிட்டே வந்துச்சு." கொஞ்ச நேரம் மேசையைத் துடைத்தார். அப்புறம் சுவரைக் காட்டினார். பழைய அட்டை ஒன்று ஒட்டியிருந்தது, ஆள் தேவை என்ற விளம்பரம். மேலே மலாய், கீழே தமிழ். 'தண்ணி கலக்க ஆள் தேவை.' அதைப் பார்த்துத்தான் ஒன்பது வருஷத்துக்கு முன்னால் தோட்டத்திலிருந்து இங்கே வேலைக்கு வந்தாராம். ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை போட்டபோது அவருக்கு அங்கே வேலை இல்லாமல் போயிற்று.

தண்ணி என்ற சொல் நம் ஊரில் எவ்வளவு அகலமானது என்று அப்போதுதான் உறைத்தது. தமிழ்நாட்டில் 'தண்ணி போட்டான்' என்றால் ஒரே பொருள். இங்கே 'என்ன தண்ணி?' என்றால் தே, கோப்பி, மைலோ, ஐஸ் தண்ணி, சிராப், பீர் எல்லாம் அடங்கும். மலாய்க்காரர்கள் ஆயேர் என்ற ஒரே சொல்லால் எல்லாப் பானத்தையும் சொல்கிறார்களே, அந்த வழக்கத்தோடு பக்கத்தில் பக்கத்தில் வாழ்ந்து நம் சொல்லும் விரிந்திருக்கவேண்டும். காலை எட்டு மணிக் கோப்பியையும் இரவு எட்டு மணி பீரையும் அது பிரித்துப் பார்ப்பதில்லை. அந்த அம்மாவின் இரண்டு வேளை வேலையும் முழுசாக உள்ளே அடங்கும் ஒரு பெயரை, நான் புத்தகத்தில் தேடிக்கொண்டிருந்தபோது, கடைச் சுவரில் யாரோ மார்க்கர் பேனாவால் எழுதி ஒட்டியிருக்கிறார்கள்.

"அதையே எழுதச் சொல்லுங்க" என்றார்.

சாயங்காலம் பிள்ளை வந்தாள். அந்த அட்டையில் மலாயில் இருந்ததைச் சொன்னேன். பெம்பஞ்சோ ஆயேர். தண்ணி கலக்குபவர். "இது ஒரு வேலையா டீச்சர்?" என்று கேட்டாள். ஆமாம், வேலை தேடுகிற விளம்பரங்களில் இப்படித்தான் போடுவார்கள், சமையற்காரர் மாதிரி இதற்கும் தனி ஆள் எடுப்பார்கள் என்றேன். எழுத்துக் கூட்டி ஒவ்வொன்றாக எழுதினாள். கட்டம் சின்னது. முதல் சொல்லிலேயே ஓரத்துக்கு வந்துவிட்டாள். ஆயேரைக் கீழ் வரியில், கொஞ்சம் பொடி எழுத்தில் எழுதி, மை காயட்டும் என்று இரண்டு தடவை ஊதினாள்.